கிடக்கிறோம் என்பதற்கு இங்கிலீஷ்

1

எங்கள் பங்குக் கோயிலுக்குக் கூரை மாற்றுகிறார்கள். போன வாரம் சுற்றிவர இரும்புக் குழாயில் சாரம் கட்டி, அதன்மேல் பச்சை வலையும் போட்டாயிற்று. ஞாயிறு பூசைக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, எவ்வளவு நல்ல காரியம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? எனக்கு மட்டும் அந்தச் சாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு பற்றி எரிகிறது. கோயில் வாசலில் நின்று வயிறெரிகிறாளே, இவளெல்லாம் உருப்படுவாளா என்று கேட்காதீர்கள். கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

நான் இலங்கையில் பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். பெயர் ஸ்டெல்லா. இப்போது இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன், முதியோர் இல்லமொன்றில் வேலை. வீட்டுக்காரர் ஹாலிஎலக்காரர், பார்சல் வான் ஓட்டுகிறார். ஒரே மகள் ஷெரின் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புகளில் இருக்கிறாள். வந்த புதிதில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா என்னிடம், "ஊரிலை எவ்விடம்?" என்று ஆசையாகக் கேட்டார். பதுளை என்றேன். "ஓ, மலைநாடோ" என்று சொல்லிவிட்டுத் தட்டில் இருந்த ரோல்ஸைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு வெட்டுப்பட்ட பேச்சு இன்னும் தொடரவில்லை.

'இருக்கிறேன்' என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். இந்த நாட்டில் அந்த 'இருக்கிறேனு'க்கே ஒரு பத்திரம் வேண்டும். 'லீவ் டு ரிமெய்ன்' என்று பெயர். முதல்முதல் அதைக் கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. லீவ் என்றால் போ. ரிமெய்ன் என்றால் இரு. போகச் சொல்கிறானா, இருக்கச் சொல்கிறானா? வருஷக்கணக்காகக் காத்திருந்து, பரீட்சையெல்லாம் எழுதி, கடைசியில் காலவரையறை இல்லாத அந்த லீவு கைக்கு வந்ததும் ஊரில் உள்ள அக்காவுக்குப் போன் போட்டு, "அக்கா, எனக்கு லீவு குடுத்துட்டாங்க, இனிமே கணக்கே இல்ல" என்றேன்.

"அடியாத்தே! வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்களா?" என்று பதறிவிட்டாள்.

"இல்லக்கா. இந்த நாட்டுல காலம் பூரா இருக்கலாம்னு குடுக்கிற லீவு."

"இருக்கிறதுக்கு எதுக்குடி லீவு? போறவங்களுக்குத்தானே லீவு."

ரோஸ்லின் அக்கா அப்படித்தான். ஒரு வார்த்தையைக் கையில் கொடுத்தால் திருப்பிப் பார்க்காமல் வைக்க மாட்டாள். இந்தக் குறிப்பு அவள் சொன்ன ஒரே ஒரு வார்த்தையைப் பற்றியது.

2

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மேலே இருந்த மலை சரிந்தது. முதல் நாளே மண் வெடித்திருப்பதைப் பார்த்துவிட்டு எல்லாரும் கீழே இறங்கிவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. லயம்தான் போயிற்று. ஒன்பது குடும்பங்களையும் கொண்டுவந்து பிள்ளைக்காம்பராவில் வைத்தார்கள். தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற கட்டடத்துக்குத்தான் பிள்ளைக்காம்பரா என்று பெயர். ஏணை கட்டுகிற கம்பி இன்னும் அப்படியே மேலே ஓடுகிறது. சுவரில் முயலும் வாத்தும் வரைந்திருக்கும். அந்தக் கம்பியில்தான் சேலையைத் தொங்கப்போட்டு ஒன்பது வீடாகப் பிரித்துக்கொண்டார்கள்.

வந்து பார்த்த அதிகாரி, "இது தற்காலிகம்தான்" என்றாராம். எங்கள் ஆட்களிடம் போய்த் தற்காலிகம் என்று சொல்லலாமா? எங்கள் பாட்டன்மாரை வெள்ளைக்காரர்கள் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேற்றிக் கூட்டிவந்ததே தற்காலிகமாகத்தான். லயத்துக் காம்பரா தற்காலிகம். குடியுரிமை வருகிற வரைக்கும் கையில் இருந்த காகிதம் தற்காலிகம். தற்காலிகத்திலேயே பிறந்து தற்காலிகத்திலேயே மண்ணுக்குள் போனவர்கள் நாங்கள். எங்களுக்குத் தெரியாத தற்காலிகமா?

கொஞ்சம் தள்ளி, ஆபத்தில்லை என்று பார்த்துச் சொன்ன இடத்தில் ஆளுக்கொரு துண்டுக் காணி கொடுத்தார்கள். அத்திவாரம் வந்தது, சுவர் எழும்பியது, கூரைக்கு வந்ததும் வேலை நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று தோட்டத்தில் கேட்டால் பதுளைக்குப் போகச் சொல்கிறார்கள். பதுளையில் கேட்டால் கொழும்புக்கு எழுதச் சொல்கிறார்கள். சுவர் மட்டும் மழையில் நனைந்து பாசி பிடித்து நிற்கிறது. இந்த வருஷம் பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் உள்ள மண்மேடும் வெடிக்கத் தொடங்கியிருக்கிறது. அடுத்த ஐப்பசிக்குள் கூரை போட்டு அந்தச் சுவர்களுக்குள் போய்விட வேண்டும். அக்காவுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நீ வெளிநாட்டில்தானே இருக்கிறாய், நீயே போட்டுக் கொடுக்க வேண்டியதுதானே என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். கேட்காமல் விடமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒன்பது வீட்டுக்கும் போட என்னால் முடியாது. அக்கா வீட்டுக்கு மட்டும் போடுகிறேன் என்றேன். "எட்டு வீடு வானத்தப் பாத்துக்கிட்டு நிக்க, நான் மட்டும் தகரத்துக்குக் கீழ காலை நீட்டிப் படுக்கவா? போடி அங்கிட்டு" என்று போனை வைத்துவிட்டாள்.

3

எங்கள் பங்கில் ஹிலரி என்று ஓர் அம்மா. பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருஷத்துக்கு ஒரு நல்ல காரியம் என்று பங்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் செய்வார்கள், அந்தக் குழுவுக்கு இவர்தான் செயலாளர். இந்தத் தடவை விடுமுறைக்கு இலங்கைக்குச் சுற்றுலாப் போகிறேன், எல்லவுக்குப் போகிற ரயிலில் ஏறப்போகிறேன் என்றார். அந்த ரயில் இப்போது உலகப் பிரசித்தம். வாசலில் தொங்கிக்கொண்டு படம் எடுப்பதற்கென்றே கண்டம் விட்டுக் கண்டம் வருகிறார்கள். பின்னால் தெரிகிற பச்சையில் ஆட்கள் குனிந்து நிற்பது படத்தில் அழகாகத்தான் விழும்.

நான் ஹிலரியிடம், "எல்லவிலிருந்து கொஞ்ச தூரம்தான், என் அக்காவைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று கேட்டுக்கொண்டேன். சொன்னபடியே போனார். பண்டாரவளையில் ஒரு ஆட்டோ பிடித்து, அந்த வளைவுகளிலெல்லாம் குலுங்கிக்கொண்டு போய், அக்காவைப் பார்த்து, போனில் வீடியோவும் எடுத்துக்கொண்டு வந்தார். இதைப் பங்கில் எல்லாருக்கும் காட்டி, இந்த வருஷ நல்ல காரியமாக அந்த ஒன்பது கூரையையும் கேட்டுப் பார்க்கலாம் என்று அவரே சொன்னார். எனக்கு அன்றைக்குக் கை கால் ஓடவில்லை. அக்காவுக்கும் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கவே கூடாது.

வீடியோவில் அக்கா திருநாள் சேலை கட்டியிருக்கிறாள். சேலைத் தடுப்பையெல்லாம் ஒதுக்கி, தரையைக் கூட்டி, முயல் படத்துக்குக் கீழே கடன் வாங்கிய நாற்காலியில் ஹிலரியை உட்கார வைத்திருக்கிறாள். சாசரோடு கோப்பை, அதில் தேத்தண்ணி, பக்கத்தில் பிஸ்கட். வெளியாள் வருகிற நேரத்தில் கிழிசலோடு நிற்க எங்கள் ஆட்களுக்கு வராது. பஞ்சம் வயிற்றோடு, மானம் வாசலில் என்பாள் எங்கள் அம்மா. அக்காவும் அம்மா பெற்ற பிள்ளைதானே.

ஹிலரி கேட்கிறார், ஆட்டோக்காரத் தம்பி தெரிந்த இங்கிலீஷில் மொழிபெயர்க்கிறான்: "எவ்வளவு காலமா இங்க இருக்கீங்கன்னு கேக்குறாங்கக்கா."

அக்கா பல் தெரியச் சிரித்துக்கொண்டே சொல்கிறாள்: "மூணு வருஷமா இங்கினதான் கெடக்கோம். டீய குடிக்கச் சொல்லுப்பா, ஆறப்போவுது."

4

வீடியோவுக்குக் கீழே இங்கிலீஷில் எழுத்துப் போட வேண்டும். ஹிலரி அந்த வேலையை என்னிடமும் ஷெரினிடமும் விட்டார். ஷெரின் கம்ப்யூட்டரோடு சமையலறை மேசையில் உட்கார்ந்தாள், நான் வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். மற்றதெல்லாம் ஓடிவிட்டது. 'கெடக்கோம்' வந்ததும் வண்டி நின்றுவிட்டது.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். கிடப்பது என்றால் லை. கிடக்கிறோம் என்றால் லையிங். ஆகவே, 'வீ ஆர் லையிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்.'

ஷெரின் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா! லையிங்னா பொய் சொல்றது. பெரியம்மா மூணு வருஷமா அங்க உக்காந்து பொய் சொல்றாங்கன்னு வருது."

"படுத்துக் கிடக்கிறதுக்கும் அதே வார்த்தைதானே?"

"அதுவும்தான். ஆனா யாரும் அப்படி நினைக்க மாட்டாங்க. ஏன், பெரியம்மா படுத்தா இருக்காங்க? நல்லா உக்காந்து டீ குடுக்கிறாங்களே?"

இந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது? மனுஷர் இருப்பார்கள். மூட்டை கிடக்கும், விறகு கிடக்கும், சீக்காளி கிடப்பான். ஒருத்தர் கொண்டுவந்து போட்டுவிட்டு மறந்துபோன இடத்தில் அப்படியே இருப்பதுதான் கிடப்பது. அக்கா 'இருக்கோம்' என்று சொல்லவில்லை. சேலையும் சிரிப்பும் விருந்தாளிக்கு. அந்த ஒரு வார்த்தை மட்டும்தான் அவளுடையது. இதையெல்லாம் நான் தமிழில் சொன்னேன். ஷெரின் பாதி வரைக்கும் கேட்டுவிட்டு, "ஓகே, ஓகே, நான் சினனிம் பார்க்கிறேன்" என்று போனை எடுத்தாள். ஒரே பொருள் தருகிற வார்த்தைகளை வரிசையாகத் தருகிற பக்கமாம். பள்ளிக்கூடத்தில் அதைப் பார்த்துத்தான் கட்டுரை எழுதுகிறார்களாம்.

அம்மாடி, எத்தனை வார்த்தை! காலங்காலமாகக் கிடப்பதற்கு இந்த வெள்ளைக்காரர்களுக்கு எதற்கு இவ்வளவு வார்த்தை? இவர்கள் எங்கேயும் கிடந்தது கிடையாதே, மற்றவர்களைக் கிடத்தியவர்கள்தானே. அவள் ஒவ்வொன்றாக வாசித்தாள், நான் ஒவ்வொன்றாகத் தள்ளினேன்.

லாஸ்ட். லாஸ்ட் என்றால் கடைசி என்றுதான் எனக்கு இத்தனை நாளாகத் தெரியும். நீடித்து நிற்பதற்கும் அதே வார்த்தையாம். வரிசையில் கடைசியாக நிற்கிறவன்தான் நீடித்து நிற்கிறான் என்று நினைத்தார்களோ என்னவோ. வேண்டாம்.

சர்வைவ். அது இங்கே டீக்கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் சொல்கிற வார்த்தை. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் 'சர்வைவிங்' என்பார்கள், வீட்டில் நாய்க்குத் தனிக் கட்டில் இருக்கும். வேண்டாம்.

வெதர். மழையையும் காற்றையும் தாங்கி நிற்பது என்று அர்த்தம் என்றாள். மலையே தாங்காமல் விழுந்துவிட்டது, உன் பெரியம்மா எங்கே தாங்குவது என்றேன். ஷெரின் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

பேர். வெள்ளைக்காரர்கள் கொஞ்சம் இழுத்துச் சொல்வார்கள். பொறுத்துச் சுமப்பதாம், கரடிக்கும் அதே சத்தமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். சொன்ன நிறைக்குக் கொழுந்து இல்லாவிட்டால் அரைப்பேர்தான் விழும். நாள் முழுக்கக் கூடையைச் சுமந்தவளுக்குப் பாதிப் பெயர். அக்கா எத்தனையோ நாள் மலையை விட்டு இறங்கி வந்து, "இன்னிக்கு நான் ரோஸ்தான், லின் இல்ல" என்பாள். அரைப்பேராம். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஷெரினிடம் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, வேறொன்றும் வரவில்லை. "அம்மா, ஃபோகஸ்" என்றாள்.

கடைசியில் அவளே முடிவு செய்தாள். 'எண்ட்யூர்'. "ஃபார் த்ரீ இயர்ஸ் வீ ஹேவ் எண்ட்யூர்ட்." கேட்கவே கம்பீரமாக இருக்கிறது, பெரியம்மாவுக்கு ஒரு மரியாதை கிடைக்கும் என்றாள்.

"தமிழ்ல அதுக்கு என்ன?"

யோசித்தாள். "தாங்குறது. தாங்கிட்டோம்."

எனக்கு என்னவோ போலத்தான் இருந்தது. வேலைக்கு நேரமாகிவிட்டது. உள்ளூர் இங்கிலீஷ் அவளுக்குத்தானே தெரியும் என்று சரி சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டினேன். அந்த மொழிபெயர்ப்பைப் பள்ளிக்கூடத்திலும் காட்டினாளாம். வார்த்தைத் தேர்வு பிரமாதம் என்று ஆசிரியை பாராட்டினாராம். என் மகளுக்கு என் மொழி வராததற்குக் கிடைத்த முதல் பாராட்டு.

5

பூசை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபத்தில் கூட்டம். இந்த வருஷம் எந்தக் காரியம் என்று கைதூக்கி முடிவு செய்ய வேண்டும். ஹிலரி வீடியோவைத் திரையில் போட்டார். அக்கா அவ்வளவு பெரியவளாக என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. அவள் சிரிக்கிறாள், டீ கொடுக்கிறாள், கீழே வெள்ளை எழுத்தில் 'எண்ட்யூர்ட்' என்று ஓடுகிறது. முன்வரிசையில் இரண்டு அம்மாமார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. கூரை வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஒரு அம்மா எழுந்து, "என்ன அழகான சிரிப்பு" என்றார். இன்னொருவர், "நம்மிடம் எல்லாம் இருந்தும் குறைபட்டுக்கொள்கிறோம், இவர்களைப் பாருங்கள்" என்றார். அப்புறம் அந்த வார்த்தை வந்தது. 'ரெசிலியன்ட்'. ஒருவர் தொடங்கி வைத்தார், பிறகு மண்டபம் முழுக்க அதுதான். அப்படிப்பட்ட ரெசிலியன்ட் மக்கள். ஷெரின் என் காதில், "மிதிச்சாலும் திரும்ப எந்திரிக்கிறவங்கன்னு அர்த்தம், நல்ல வார்த்தைம்மா" என்றாள். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்கள். நானும் பல்லைக் காட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்ததாகக் கட்டடக் குழுவின் பெரியவர் எழுந்தார். படம் இல்லை, வீடியோ இல்லை. உடைந்த கூரை ஓடு ஒன்றை மேசைமேல் வைத்தார். இந்தக் கோயில் கூரை இன்னொரு குளிர்காலத்துக்கு லாஸ்ட் பண்ணாது என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஒருவரும் அந்தக் கூரையைப் பார்த்து அழகான சிரிப்பு என்று சொல்லவில்லை. அது இத்தனை காலம் தாங்கியதே, இன்னும் தாங்கும் என்று சொல்லவில்லை.

கைகள் கூரைக்குத்தான் உயர்ந்தன. பங்குச் சாமியார் என் பக்கம் திரும்பி, உங்கள் அக்காவுக்காகத் தொடர்ந்து செபிப்போம், வருகிற வருஷம் மறுபடி யோசிக்கலாம் என்றார். ஹிலரி என் கையைப் பிடித்து, "அவர்களுக்கு எவ்வளவு மனவலிமை, சமாளித்துக்கொள்வார்கள்" என்றார். மனப்பூர்வமாகத்தான் சொன்னார். அதுதான் எரிச்சல். கெட்டவர்களாக இருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டாவது போயிருப்பேன்.

வரும் வழியில் வீட்டுக்காரர், "விடு, நாம குடுத்து வச்சது அவ்வளவுதான்" என்றார். உங்கள் வாயில் கொழுக்கட்டையா, எழுந்து இரண்டு வார்த்தை பேசக்கூடாதா என்று கேட்டேன். "நீ பேசியிருக்கலாமே" என்றார். என்ன பேசியிருப்பேன்? ஐயா, என் அக்கா அவ்வளவு நல்லவள் இல்லை, அவளால் தாங்க முடியாது என்றா?

மறுநாள் வேலையில் இன்னொரு கொடுமை. எங்கள் இல்லத்தில் ஜன்னலோரமாக ஒரு கிழவர் இருக்கிறார். மகன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனவன், அப்புறம் தலைகாட்டவில்லை. காலையில் திரையை விலக்கி, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். தினமும் சொல்வதையே சொன்னார்: "ஸ்டில் ஹியர், லவ்." அப்படியே நின்றுவிட்டேன். ஸ்டில் ஹியர். இங்கேதான் கிடக்கிறேன். அட பாவி மனுஷா, தினம் தினம் என் காதில்தானே சொல்லிக்கொண்டிருந்தாய்! அந்தப் பக்கத்திலிருந்து ஷெரின் அத்தனை வார்த்தை வாசித்தாளே, அதில் இது இல்லை. கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு என்னை நானே மனதுக்குள் திட்டிக்கொண்டேன்.

6

அக்காவுக்குச் சொல்லாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். அவளே கூப்பிட்டாள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறுகிற வழியில், சிக்னல் கிடைக்கிற ஒரு திருப்பம் இருக்கிறது. அங்கே நின்றுதான் பேசுவாள்.

"என்னாச்சு புள்ள? அந்த வெள்ளக்காரம்மா என்ன சொன்னாங்க? இங்க எல்லாரும் எம் மூஞ்சியத்தான் பாக்குறாங்க."

"கெடைக்கலக்கா. வேற காரியத்துக்குக் குடுத்துட்டாங்க."

"யாருக்கு? நம்மளவிட இல்லாதவங்களுக்கா? அப்ப சரிதான்."

"இல்லக்கா. கோயில் கூரைக்கு."

"மாதா கோயிலா? சரி, சரி. சாமி நனையக் கூடாதுல்ல" என்றாள். பிறகு, "ஒழுகுதா?" என்று கேட்டாள்.

"இன்னும் ஒழுகல. அடுத்த குளிருக்குத் தாங்காதாம்."

"அப்படியா சொன்னாங்க? தாங்காதுன்னா?"

"ஆமா."

"எங்களப் பத்தி என்ன போட்டே? கீழ எழுத்து ஓடும்னு சொன்னியே. நான் சொன்னதுக்கு என்ன போட்டே?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளிடம் முடியாது. "தாங்கிட்டோம்னு போட்டிருந்துச்சு" என்றேன். ஷெரின் பெயரைச் சொல்லவில்லை.

அக்கா கோபப்படவில்லை. யாரோ அவளைத் தாண்டிப் போகிறார்கள் போல, "போங்க, இந்தா வாறேன்" என்றாள். அப்புறம் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்:

"கூரைக்காரங்க தாங்காதுன்னு சொல்லியிருக்காங்க. நாங்க தாங்குவோம்னு நீ சொல்லிட்டியே தங்கச்சி."

போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மூக்கைச் சிந்தினேன்.

"நான் சிரிச்சிருக்கக் கூடாதோ?" என்று கேட்டாள். "வீட்டுக்கு வந்தவங்ககிட்ட மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டா இருக்கிறது? அது நமக்கு வராதே."

"நீ ஒண்ணும் தப்பு பண்ணலக்கா."

"சரி விடு, அழாத. கொழுந்து நிறுக்கிறப்ப கொறஞ்சிருச்சுன்னா அரைப்பேர்தான் போடுவான். நான் போறேன்" என்று வைத்துவிட்டாள்.

பின்னால் திரும்பினால் ஷெரின் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. எவ்வளவு புரிந்ததோ அதுவும் தெரியாது. "அம்மா, ஆனா எண்ட்யூர்னா அந்த அர்த்தத்துல இல்ல" என்று இங்கிலீஷில் தொடங்கினாள். எந்த அர்த்தம் என்று கேட்டேன். போனைத் தட்டிப் பார்த்தாள். பிறகு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு இறங்கி வந்தவள், பெரியம்மா சொன்ன வார்த்தையை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டாள். சொன்னேன். "கெடக்கோம்" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். அவள் வாயில் அது 'கேட்கோம்' என்று வந்தது. திருத்த எனக்குத் தெம்பில்லை.

7

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பூனாகலைப் பக்கம் மழை பிடித்துவிட்டதாகக் காலையில் தகவல் வந்தது. மண்மேட்டு வெடிப்பில் தண்ணீர் இறங்குகிறதாம், இரவில் ஆண்கள் முறைபோட்டுக் காவல் இருக்கிறார்களாம். அக்காவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. சிக்னல் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஷெரினைக் கூட்டிக்கொண்டு பூசைக்குப் போனேன்.

கோயில் வாசலில், சாரத்துக்குப் பக்கத்தில், ஹிலரி நின்றிருந்தார். மேலே ஆட்கள் பழைய ஓடுகளை எடுத்துவிட்டு உள்ளே ஒரு பொட்டுத் தண்ணீர் இறங்காமல் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். அதைக் காட்டி, "எவ்வளவு கவனமாகச் செய்கிறார்கள் பார்த்தாயா" என்றார். பார்த்தேன் என்றேன். பிறகு தலையைச் சாய்த்து, அவருடைய அந்த நல்ல சிரிப்போடு கேட்டார்:

"ஹௌ இஸ் யுவர் லவ்லி சிஸ்டர்?"

எனக்கு இந்த நாட்டில் இதற்கு என்ன பதில் சொல்வார்கள் என்று தெரியும். ஃபைன், தேங்க் யூ. பதினேழு வருஷமாகச் சொல்லி வருகிறேன்.

"ஷீ இஸ் லையிங் தேர்" என்றேன்.

ஹிலரியின் சிரிப்பு பாதியில் நின்றது. "லையிங்?"

ஷெரின் என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா" என்றாள். அவள் கையை விலக்கிவிட்டேன்.

"யெஸ்" என்றேன். "த்ரீ இயர்ஸ். ஆல் நைன் ஃபேமிலிஸ்."

சொல்லிவிட்டுச் சாரத்துக்குக் கீழே குனிந்து உள்ளே போனேன்.